மேடை ஒளிக் கன்சோலை முதன்முறையாக இயக்கப்போகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: குளச்சல் பகுதி, பங்கு இளைஞர் இயக்க உறுப்பினர்

ஒளி அமைப்பில் அனுபவமுள்ள அண்ணன்மார்களுக்கு வணக்கம். குளச்சலுக்கு அருகிலுள்ள கடற்கரைப் பங்கு ஒன்றின் இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் பங்குத் திருவிழாவில், ஒன்பதாம் திருவிழா இரவு தேர்ப்பவனி முடிந்த பிறகு, விவிலியத்திலுள்ள யோசேப்பின் வரலாற்றை ஒன்றரை மணி நேர நாடகமாக அரங்கேற்றுகிறோம். நாடகத்துக்கு முன்பு எங்கள் ஊர்க் குழுவினரின் களியலாட்டமும் உண்டு. கடந்த ஆண்டுகளில் ஒலி, ஒளி இரண்டையும் மைக் செட் தரப்பினரே கவனித்தார்கள். பாட்டு நிகழ்ச்சிக்குப் போடுவதுபோலவே விளக்குகள் சுழன்றும் நிறம் மாறியும் கொண்டிருந்ததால், வசனக் காட்சிகளில் நடிகர்களின் முகமே பார்வையாளர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த ஆண்டு விளக்குகளைக் கட்டுப்படுத்தும் கருவியான கன்சோலை நானே இயக்குவது என்று இயக்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். இதற்கு முன் நான் எந்த ஒளிக் கன்சோலையும் தொட்டதில்லை.

வாடகைக்கு வருபவை எட்டு எல்.இ.டி. பார் விளக்குகள், குறுகிய கற்றையோடு தானே திரும்பும் ஷார்பி விளக்குகள் நான்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் நான்கு சேனல் டிம்மரில் இணைக்கும் 1000 வாட் பழைய பல்பு விளக்குகளான பார் கேன்கள் நான்கு. கன்சோலைப் பொறுத்தவரை, 192 சேனல் சிறிய பெட்டி ஒன்றும் அவோலைட்ஸ் நிறுவனத்தின் தொடுதிரைக் கன்சோலான டைகர் டச் ஒன்றும் இருப்பதாகவும், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் வாடகைக்குத் தருபவர் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது, எதை முதலில் கற்றுக்கொள்வது, திருவிழாவுக்கு முன் வீட்டிலிருந்தே பயிற்சி செய்ய வழி உண்டா என்பதை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: நாகர்கோவில், மேடை ஒளி அமைப்பாளர்

தம்பிக்கு வணக்கம். எந்தக் கன்சோல் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு முதலில் விளக்குகளிடம் போங்கள். கன்சோல் எதுவானாலும் அது செய்கிற வேலை எண்களை அனுப்புவது மட்டும்தான். அந்த எண்களை வாங்கி என்ன செய்வது என்பதை விளக்குதான் தீர்மானிக்கிறது. அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக் கழகம் 1986இல் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்ற முறையையே இன்றும் குமரி முதல் உலகெங்கும் மேடைகளில் பயன்படுத்துகிறோம். ஒரு கேபிளில் 512 சேனல்கள் வரை போகும். ஒவ்வொரு சேனலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பைச் சுமந்து செல்லும். 512 சேனல்களையும் அனுப்பும்போது ஒரு நொடியில் ஏறத்தாழ 44 முறை எல்லா மதிப்புகளும் புதுப்பிக்கப்படும். இது ஒருவழிப் போக்குவரத்து. விளக்கு பதில் எதுவும் திருப்பி அனுப்புவதில்லை; கேபிள் கழன்று கிடந்தாலும் கன்சோல் திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். எனவே கோளாறு என்று வந்தால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மேடைக்குப் போய் விளக்கைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விளக்கின் பின்புறமும் உள்ள சிறிய திரையில் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அது எத்தனை சேனல் மோடில் இருக்கிறது என்பது. மற்றொன்று, அதன் தொடக்க முகவரி. எட்டு பார் விளக்குகளும் எட்டு சேனல் மோடில் இருந்தால் அவற்றின் முகவரிகளை 1, 9, 17, 25, 33, 41, 49, 57 என்று வைக்கலாம். கடைசி விளக்கு 64இல் முடியும். 16 சேனல் ஷார்பிகளை 101, 117, 133, 149 என்றும், டிம்மரை 201 என்றும் வைத்தால் இடையில் போதிய இடைவெளி இருக்கும். பின்னால் ஒரு விளக்கைச் சேர்க்க நேர்ந்தாலும் மற்றவற்றைக் கலைக்க வேண்டியதில்லை. இரண்டு விளக்குகளின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால், ஒன்றுக்குச் சிவப்பு கொடுக்கும்போது மற்றொன்று மின்னத் தொடங்கும். முதல் நாள் இரவில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இப்படி வருவதுதான்.

பார் விளக்கின் சேனல் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பரவலாகக் கிடைக்கும் எட்டு சேனல் விளக்குகள் பலவற்றில் முதல் சேனல் மொத்த வெளிச்சம், அடுத்தவை சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, அதற்கடுத்து ஸ்ட்ரோப் (வேகமாக விட்டுவிட்டு மின்னுவது) என்று இருக்கும். சிவப்பை முழுவதும் ஏற்றியும் விளக்கு எரியவில்லையென்றால், முதல் சேனல் சுழியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷார்பியிலும் அப்படியே: லேம்ப் எரிந்தாலும் ஷட்டர் சேனலையும் டிம்மர் சேனலையும் திறக்காதவரை ஒளி வெளியே வராது. அதன் கிடைச்சுழற்சிக்கும் செங்குத்துச் சாய்வுக்கும் இரண்டிரண்டு சேனல்கள் இருக்கும். ஒன்று பெரிய அசைவுக்கு, மற்றொன்று நுண்ணிய திருத்தத்துக்கு. பெரிய அசைவுச் சேனலில் மதிப்பு ஒன்று கூடினாலே, தொலைவில் விழும் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்துவிடும். ஆகவே நடிகர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் கடைசிக் கட்டத்தை நுண்ணிய சேனலில் செய்யுங்கள்.

இனிக் கன்சோலுக்கு வருகிறேன். உங்கள் நாடகத்துக்கு டைகர் டச் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. நாடகத்தில் ஒரு வெளிச்சம் மெல்லக் கரைந்து அடுத்த வெளிச்சம் எழ வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதற்குரிய நேரம் உண்டு. டைகர் டச்சில் அந்த நேரத்தைக் கியூவோடு, அதாவது பதிந்து வைக்கும் ஒவ்வொரு ஒளி நிலையோடும், சேர்த்தே பதிவு செய்யலாம். 192 சேனல் பெட்டியில் ஒவ்வொரு காட்சிக்கும் தனி நேரத்தைப் பதிந்து வைக்க வழியில்லை. அதோடு, டைகர் டச்சில் ஓடும் டைட்டன் மென்பொருளின் கணினிப் பதிப்பை அவோலைட்ஸ் இணையதளத்திலிருந்து கட்டணமின்றித் தரவிறக்கி மடிக்கணினியில் பழகலாம். வீட்டில் செய்த ஷோ ஃபைலை (நிகழ்ச்சிக்கான பதிவுகள் அனைத்தும் உள்ள கோப்பை) பென் டிரைவில் கொண்டுபோய்க் கன்சோலில் திறக்கலாம். ஆனால் புதிய பதிப்பில் செய்த ஃபைலைப் பழைய பதிப்பு ஏற்காது என்பதால், வாடகைக்கு வரும் கன்சோலில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முதலில் கேட்டு, அதே பதிப்பையே மடிக்கணினியில் நிறுவுங்கள்.

கற்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேட்ச்: எந்த வகை விளக்கு, எந்த முகவரியில் இருக்கிறது என்று கன்சோலுக்குச் சொல்வது. அடுத்து ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து லொகேட் அழுத்துவது. அப்படி அழுத்தியதும் அது வெள்ளையாக எரிந்து நடுநிலைக்கு வந்தால் கேபிளும் முகவரியும் சரி என்று பொருள். பிறகு பேலட்: ஓர் இடத்தையோ நிறத்தையோ பெயரிட்டுப் பதிந்து வைப்பது. இதில்தான் தொடக்கத்தில் அதிக நேரம் செலவிட வேண்டும். "கிணற்றடி", "அரியணை", "வலது ஓரம்" என்று இடங்களுக்கும், "காலை", "இரவு", "சிறை" என்று நிறங்களுக்கும் தனித்தனிப் பேலட்களைப் பதிந்துகொண்டு, கியூக்களை அந்தப் பேலட்களைக் கொண்டே கட்டுங்கள். மேடை போட்ட அன்று அரியணையை இரண்டடி நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்றால், "அரியணை" பேலட்டை மட்டும் திருத்தினால் போதும். அதைப் பயன்படுத்தும் கியூக்கள் அனைத்தும் தாமாகவே திருந்திவிடும். பேலட் இல்லாமல் நேரடியாகப் பதிந்திருந்தால் ஒவ்வொரு கியூவையும் தனித்தனியே திறந்து திருத்த வேண்டியிருக்கும். கடற்கரை ஊர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்து நாடகம் தொடங்குவதற்குள் அதற்கு நேரம் கிடைக்காது.

ஒவ்வொரு கியூவைப் பதிந்த பிறகும் கிளியர் அழுத்துங்கள். கையால் ஏற்றிய மதிப்புகள் புரோகிராமரில் (கன்சோலின் தற்காலிக நினைவகத்தில்) தங்கியிருந்தால், அடுத்த கியூவிலும் அவை சேர்ந்து பதிவாகிவிடும்.

பதில்: மார்த்தாண்டம், ஒலி ஒளி வாடகைத் தொழிலில் இருப்பவர்

நாகர்கோவில் அண்ணன் பேலட்டைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. கன்சோல் தேர்வில்தான் கருத்து வேறுபாடு. புதியவர் ஒருவருக்கு 192 சேனல் பெட்டியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பன்னிரண்டு விளக்குகள், விளக்குக்குப் பதினாறு சேனல்கள், முப்பது பேங்குகளில் (காட்சித் தொகுதிகளில்) எட்டெட்டாக 240 காட்சிகள் என்பது ஒன்றரை மணி நேர நாடகத்துக்குத் தாராளம். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் அந்தப் பெட்டி சில நொடிகளில் எழுந்துவிடும். டைகர் டச் உள்ளே ஒரு கணினி என்பதால் முழுதாக எழச் சில நிமிடங்கள் பிடிக்கும். டைகர் டச்தான் எடுப்பது என்றால், கன்சோலுக்கு மட்டுமாவது ஒரு யு.பி.எஸ். கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

சிறிய பெட்டியை எடுத்தால் முகவரிக் கணக்கு மாறும். அதில் விளக்குப் பொத்தான்கள் 1, 17, 33, 49 என்று பதினாறு பதினாறாக நிலையாக அமைந்திருக்கும். எட்டு பார், நான்கு ஷார்பி என்று பன்னிரண்டு பொத்தான்களும் நிறைந்துவிடுவதால் டிம்மருக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் முதல் பார் விளக்கு 1 முதல் 8 வரைதான் எடுத்துக்கொள்கிறது. 9 முதல் 16 வரை காலியாகவே இருக்கிறது. டிம்மரின் முகவரியை 9 என்று வைத்து, முதல் பொத்தானை அழுத்திப் பக்கத்தை மாற்றினால், அதே எட்டு ஃபேடர்களில் (மேலும் கீழும் தள்ளும் பிடிகளில்) முதல் நான்கும் பார் கேன்களை இயக்கும். ஷார்பிகள் 20 சேனல் மோடில் இருந்தால் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. முன்கூட்டியே 16 சேனலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய டிம்மரில் திரைக்குப் பதில் சிறு சுவிட்ச் வரிசை இருந்தால், அவற்றின் மதிப்புகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். முகவரி 9 வேண்டுமென்றால் முதலாவதையும் நான்காவதையும் மட்டும் மேலே தள்ள வேண்டும்.

எந்தக் கன்சோலானாலும் மின் இணைப்பில் கவனம் தேவை. எல்.இ.டி. விளக்கையோ ஷார்பியையோ ஒருபோதும் டிம்மரின் வெளிவாயில் செருகாதீர்கள். டிம்மர் மின்னலையை வெட்டித் தருவதால் அவற்றின் உள்ளே இருக்கும் பவர் சப்ளை கெட்டுவிடும். நான்கு பார் கேன்களும் சேர்ந்து 4000 வாட். 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், டிம்மரைச் சாதாரண 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் மாட்டி ஓட்ட முடியாது. இணைப்பைக் கொடுப்பது உரிமம் பெற்ற மின்பணியாளராகவே இருக்கட்டும்.

சிக்னல் கேபிள் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு என்று ஒரே சங்கிலியாகப் போக வேண்டும்; ஒய் கேபிள் போட்டு இரண்டாகப் பிரிக்கக் கூடாது. மேடையின் இரு பக்கங்களுக்கும் தனித்தனியே போக வேண்டுமென்றால் சிக்னலைப் பிரித்துத் தரும் கருவியான ஸ்பிளிட்டர் கேளுங்கள். மைக் கேபிளும் அதே மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். முனையில்தான் வருகிறது என்பதால் பலர் அதையே மாட்டிவிடுகிறார்கள். கன்சோலைப் பந்தலின் பின்வரிசையில் வைக்கும்போது கேபிள் நீளமாகும். அப்போது விளக்குகள் தாமாகவே துடிக்கத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த மைக் கேபிளைத்தான். சங்கிலியின் கடைசி விளக்கில், சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் செருக மறக்காதீர்கள். எக்ஸ்.எல்.ஆர். ஆண் முனை ஒன்றின் 2ஆம், 3ஆம் முட்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் டெர்மினேட்டர் தயார். உங்கள் ஊர் கடலை ஒட்டியது. உப்புக்காற்றில் இந்த முட்கள் சில நாட்களிலேயே பச்சை பூத்துவிடுகின்றன. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஷார்பியின் இணைப்பை உடனே பிடுங்க விடாதீர்கள். கன்சோலிலிருந்து லேம்பை அணைத்து, உள்ளே விசிறி ஓடிச் சூடு தணிந்த பிறகே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

பதில்: தக்கலை, நாடக நெறியாளர்

இரு அண்ணன்மாரும் கருவிகளைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டதால், நாடகத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். கன்சோலின் முன் உட்காருவதற்கு முன்பே நாடகப் பிரதியில் உங்கள் வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும். பிரதியின் ஒரு நகலை எடுத்துக்கொண்டு, ஒத்திகைக்குப் போய், ஒளி மாற வேண்டிய சொல்லின் கீழ்க் கோடிட்டு, ஓரத்தில் கியூ எண்ணையும் எத்தனை நொடியில் மாற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். "யோசேப்பு பேசி முடித்ததும்" என்று எழுதாதீர்கள். எந்தச் சொல்லில் அல்லது எந்த அசைவில் என்று எழுதுங்கள். சகோதரர்கள் யோசேப்பைக் கிணற்றில் தள்ளும் கணத்தில் ஒளி ஒரே நொடியில் வெட்டப்பட்டால்தான் அந்தக் கொடுமை பார்வையாளருக்கு உறைக்கும். சிறையிலிருந்து அவர் பார்வோனின் அவைக்கு வரும்போது அதே மாற்றம் பத்துப் பன்னிரண்டு நொடிகள் எடுத்துக்கொள்ளலாம். இந்த நேரங்களைத் தீர்மானிப்பது நெறியாளரும் நீங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

சென்ற ஆண்டுகளில் முகம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தீர்வு கன்சோலில் இல்லை. விளக்கைத் தொங்கவிடும் இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியைப் பாடமாகக் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ், நடிகரின் முன்பக்கம் இடமும் வலமுமாக ஏறத்தாழ 45 பாகை உயரத்திலிருந்து இரு விளக்குகள், ஒன்று சற்று வெம்மையான நிறத்திலும் மற்றொன்று சற்றுக் குளிர்ந்த நிறத்திலும், விழ வேண்டும் என்ற முறையை வகுத்தார். உங்களிடமுள்ள நான்கு பார் கேன்களை மேடையின் பின்புறம் அலங்காரத்துக்கு மாட்டாமல், பார்வையாளர் பக்கத்தில் இருபுறமும் கம்பம் நட்டு இரண்டிரண்டாக ஏற்றுங்கள். நமது தோல் நிறத்துக்கு அந்தப் பழைய பல்பின் மஞ்சள் கலந்த ஒளி மிகவும் பொருந்தும். எல்.இ.டி. பார்களைப் பின்னாலும் பக்கவாட்டிலும் வைத்து இரவு, பாலைவனம், அரண்மனை என்ற சூழல்களைக் காட்டுங்கள். ஷார்பியின் கற்றை மிகக் குறுகியது. அதை முகத்தில் அடித்தால் நடிகருக்குக் கண் கூசும், முகம் வெளுத்துப்போகும். யோசேப்பின் கனவுக் காட்சியில் பின்னணியில் புகைக்குள் நான்கு கற்றைகளும் மெல்ல விரிவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினாலே போதுமானது.

களியலைப் பற்றி எவரும் சொல்லவில்லை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். நடுவில் குத்துவிளக்கை ஏற்றி அதைச் சுற்றி ஆடுகிற ஆட்டம் அது. முன் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டால் சுடர் இருப்பதே தெரியாது. பார் கேன்களை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கி, பின்னாலிருந்து வெதுவெதுப்பான அம்பர் ஒளியைக் கொடுங்கள். ஆட்டக்காரர்கள் குனிந்து நிமிர்ந்து கோல்களை அடிப்பதால், ஸ்ட்ரோபைத் தவிர்த்துவிடுங்கள். கோல் வரும் திசை தெரியாமல் கையில் அடி விழும்.

நிகழ்ச்சியை யூடியூபில் நேரலை செய்வதாக இருந்தால், ஒளிப்பதிவாளரை ஒத்திகைக்கே அழைத்து வந்து எல்.இ.டி. விளக்குகளைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரில் தெரியாத துடிப்பும் கோடுகளும் கேமராவில் தெரியக்கூடும். ஷட்டர் வேகத்தை 1/50 என்று வைத்துப் பார்த்தும் போகவில்லை என்றால், விளக்கின் மெனுவில் புதுப்பிப்பு அலைவெண்ணை (ரிஃப்ரெஷ் ரேட்) கூட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாடகைக்குத் தருபவரிடம் பேசி, யு.பி.எஸ். ஒன்றோடு டைகர் டச்சையே எடுப்பதென முடிவு செய்திருக்கிறோம். அதே பதிப்பை மடிக்கணினியில் நிறுவி, பேட்ச் செய்து, பேலட்களைப் பதிந்து, முதல் மூன்று காட்சிகளின் கியூக்களையும் அமைத்துவிட்டேன். ஒரு சிக்கல் இருக்கிறது. சிறைக் காட்சியில் இருளாக இருக்கும் ஷார்பிகள், அடுத்த கனவுக் காட்சியின் கியூவை அழுத்தும்போது எரிந்துகொண்டே புதிய இடத்துக்குத் திரும்புகின்றன. நிறச் சக்கரமும் சுழன்று, இடையிலுள்ள நிறங்களெல்லாம் தெரிந்துவிடுகின்றன. பார்வையாளருக்கு இது தெரியாமல் செய்வது எப்படி?

பதில்: நாகர்கோவில், மேடை ஒளி அமைப்பாளர்

தம்பி, ஒளி எழும் கியூவிலேயே நகர்வும் இருப்பதால்தான் அப்படி ஆகிறது. கன்சோலில் வெளிச்சம் ஒரு விதியிலும், இடமும் நிறமும் வேறொரு விதியிலும் நடக்கின்றன. ஒரே விளக்கின் வெளிச்சத்தை இரண்டு பிளேபேக்குகள் (பதிந்ததை இயக்கும் ஃபேடர்கள்) கேட்டால் உயர்ந்த மதிப்பு வெல்லும். இடம், நிறம் போன்றவற்றில் கடைசியாக எது கேட்டதோ அது வெல்லும். ஆகவே இடத்தையும் நிறத்தையும் மட்டும் சுமந்த ஒரு கியூவை, வெளிச்சம் சுழியாக இருக்கும்போதே முன்னதாக அழுத்திவிடலாம். உங்கள் பட்டியலில் சிறைக் காட்சி கியூ 14, கனவுக் காட்சி கியூ 15 என்றால், நடுவில் 14.5 என்று ஒன்றைப் பதியுங்கள். டைட்டனில் இப்படிப் புள்ளி வைத்த எண்களைக் கொடுக்கலாம். அந்தக் கியூவில் நான்கு ஷார்பிகளுக்கும் கனவுக் காட்சியின் இடப் பேலட்டும் நிறப் பேலட்டும் மட்டும் இருக்கட்டும், வெளிச்சம் சுழியிலேயே இருக்கட்டும். சிறைக் காட்சியில் சிறைக்காவலர் பேசிக்கொண்டிருக்கும் அமைதியான இடமாகப் பார்த்து, பிரதியில் அந்தச் சொல்லின் கீழ்க் கோடிட்டு, அங்கே 14.5ஐ அழுத்துங்கள். விளக்குகள் இருளிலேயே திரும்பி நின்றுவிடும். பிறகு 15 வரும்போது வெளிச்சம் மட்டுமே எழும்.

ஷார்பியின் மோட்டார் சத்தம் முன்வரிசைக்குக் கேட்கும் அளவுக்கு மேடை சிறியதாக இருந்தால், 14.5இல் இடம் மாறும் நேரத்தை ஐந்தாறு நொடிகளாகக் கொடுத்து மெல்லத் திரும்ப விடுங்கள். நிறச் சக்கரத்துக்கு அந்த நேரம் தேவையில்லை. அதைச் சுழி நொடியில் வைத்துக்கொள்ளலாம். இறுதி ஒத்திகைக்கு முன் ஷோ ஃபைலை இரண்டு பென் டிரைவ்களில் பதிந்து, ஒன்றை நெறியாளரிடம் கொடுத்து வையுங்கள்.